உமிச் சாம்பலைக் கலந்தால் கான்கிரீட்டின் பலம் கூடுமா, குறையுமா?

கேள்வி இதுதான்: சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் அரிசி ஆலைகளில் மிஞ்சும் உமிச் சாம்பலைச் சேர்க்கலாம் என்கிறார்கள். 10 சதவீதம் சேர்த்தால் கான்கிரீட்டின் பலம் கூடுகிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. அதே 10 சதவீதத்தில் பலம் குறைந்துவிட்டது என்கிறது இன்னொன்று. எதை நம்புவது? எவ்வளவு சேர்க்கலாம்? கரும்புச் சக்கை, மக்காச்சோளக் கட்டை போன்றவற்றின் சாம்பலும் இதற்கு ஆகுமா?

இரண்டு கட்டுரைகளையும் நம்பலாம். இரண்டு பேரும் கண்டதைத்தான் எழுதியிருப்பார்கள். சிக்கல் பெயரில் இருக்கிறது. மூட்டையில் ‘சிமெண்ட்’ என்று எழுதியிருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு தெரியும். தொழிற்சாலையில் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். ‘உமிச் சாம்பல்’ என்று எழுதியிருந்தால் எது எரிந்தது என்பது மட்டும்தான் தெரியும். எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம், எவ்வளவு காற்றோட்டத்தில் எரிந்தது, பிறகு எந்த அளவுக்கு அரைபட்டது என்பதெல்லாம் தெரியாது. கான்கிரீட்டுக்குள் போனதும் அது வேலை செய்யுமா, சும்மா கிடக்குமா என்பது இவற்றைப் பொறுத்துத்தான். ஆகவே சதவீதத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுச் சாம்பலிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் சிமெண்ட் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். தண்ணீர் பட்டதும் சிமெண்டிலிருந்து முக்கியமாக இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்கிற பசை. மணலையும் ஜல்லியையும் பிடித்து வைத்திருப்பது இதுதான். இன்னொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றுச் சுண்ணாம்பு. 100 கிராம் சிமெண்ட் நன்றாக வினைபுரிந்து முடிந்தால் ஏறத்தாழ 25 கிராம் சுண்ணாம்பு மிஞ்சும். இது பலத்துக்குப் பெரிதாக உதவுவதில்லை. தட்டுத் தட்டான படிகங்களாக, குறிப்பாக ஜல்லியின் ஓரத்தில் சேர்ந்துகொள்ளும். விரிசல் ஓடுவதற்கு அந்த ஓரம்தான் வசதியான பாதை. தண்ணீர் ஊறினால் மெல்லக் கரைந்து வெளியே வந்து சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும்.

இந்தச் சுண்ணாம்போடு வினைபுரியக்கூடிய சிலிக்காவை (சிலிக்கானும் ஆக்ஸிஜனும் சேர்ந்த பொருள்) கொடுத்தால், இரண்டும் சேர்ந்து அதே பசை இன்னும் கொஞ்சம் உருவாகும். வீணாக இருந்த பொருள் வேலைக்கு வந்துவிடும். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் பொட்சுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து, ரோமானியர்கள் கடல்நீருக்குள்ளேயே துறைமுகச் சுவர் எழுப்பியது இந்த வேதியியலை வைத்துத்தான். இப்படிப்பட்ட பொருளுக்குப் பொஸோலான் என்ற பெயரே அந்த ஊரிலிருந்து வந்ததுதான். அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல், சிலிக்கா ஃபியூம் (சிலிக்கான் உலைகளில் கிடைக்கும் மிக நுண்ணிய சிலிக்காத் தூள்), சுட்ட களிமண் எல்லாம் இந்தக் குடும்பம். நல்ல உமிச் சாம்பலும் அப்படித்தான்.

உமிக்குள் சிலிக்கா எப்படி வந்தது? நெற்பயிர் மண்ணில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தைத் தண்ணீரோடு உறிஞ்சி, தன் உடம்பில் சிலிக்காவாகப் படியவைக்கிறது. உமியின் வெளித்தோலில் அது மிக அதிகம். உமியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் சொரசொரவென்று அறுப்பது அதனால்தான். கணக்காகச் சொன்னால், 1,000 கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமி கிடைக்கும். அதை எரித்தால் 40 கிலோவோ அதற்குச் சற்று மேலோ சாம்பல் தேறும். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்காதான். பயிர்க் கழிவுகளில் வேறு எதிலும் இவ்வளவு இருப்பதாக எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, இவ்வளவு சிலிக்கா இருந்தால் போதுமா என்றால், போதாது. ஆற்று மணலும் பெரும்பாலும் சிலிக்காதான். அதை மாவாக அரைத்துச் சிமெண்டோடு கலந்தாலும் சுண்ணாம்போடு அவ்வளவு சீக்கிரம் வினைபுரியாது. காரணம், மணலில் இருப்பது குவார்ட்ஸ் என்ற படிகம். அதில் அணுக்கள் கட்டி முடித்த சுவர் போல ஒழுங்காகப் பூட்டிக்கொண்டிருக்கின்றன. நல்ல உமிச் சாம்பலில் அதே அணுக்கள் செங்கற்களைக் கொட்டிவைத்த குவியல் போல ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன. குவியலிலிருந்து ஒரு செங்கல்லை உருவுவது எளிது, சுவரிலிருந்து உருவ முடியாது. ஒழுங்கில்லாத இந்த நிலையைப் படிகமற்ற சிலிக்கா என்பார்கள். நமக்கு வேண்டியது அதுதான்.

உமிக்குள் சிலிக்கா முதலில் படிகமற்றதாகத்தான் இருக்கிறது. அதைக் கெடுப்பது நம் அடுப்பு. ஏறத்தாழ 500 முதல் 700 டிகிரி செல்சியஸுக்குள், போதுமான காற்றோடு எரித்தால் கரிப்பொருள் போய்விடும், சிலிக்கா அப்படியே நிற்கும். 800 டிகிரியைத் தாண்டி அதிக நேரம் இருந்தால் அது மெல்ல ஒழுங்குபட்டுக் கிறிஸ்டோபலைட் என்ற படிகமாகிவிடும். அப்புறம் அதைக் கலப்பதும் அரைத்த மணலைக் கலப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்தச் சூட்டுக் கணக்கை 1970-களிலேயே அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பி. குமார் மேத்தா விரிவாக ஆராய்ந்து, கட்டுப்பாட்டோடு எரித்த சாம்பலிலிருந்து சிமெண்ட் செய்யும் முறைக்குக் காப்புரிமையும் பெற்றார். அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அவர் போட்ட பாதையில்தான் நடக்கின்றன.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், யாரும் சாம்பலுக்காக உமியை எரிப்பதில்லை. நீராவிக்காக எரிக்கிறார்கள். பாய்லர் இயக்குபவருக்கு வேண்டியது சூடு. சாம்பல் அவருக்குத் தலைவலி. காலையில் ஒரு சூடு, சுமை ஏறும்போது வேறு சூடு, ஈர உமி வந்த நாளில் இன்னொன்று. திறந்தவெளியில் குவித்து எரித்தால் இன்னும் மோசம். வெளிப்பக்கம் பாதி வெந்து கரியாக நிற்கும். நடுவில் சூடு வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் கனன்று படிகமாகிவிடும். ஒரே குவியலின் இரண்டு பக்கத்திலிருந்து ஒவ்வொரு கூடை எடுத்தால் இரண்டு வேறு பொருள்கள். கட்டுரைகள் முரண்படுவதற்கு முதல் காரணம் இங்கேயே கிடைத்துவிட்டது.

நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்பார்கள். கறுப்பு என்றால் கரி மிச்சம், சாம்பல் நிறம் என்றால் நல்லது, வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு என்றால் அதிகச் சூடு என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. முதல் பார்வைக்கு உதவும், ஆனால் அதையே நம்பிவிடக் கூடாது. உமியில் கொஞ்சம் பொட்டாசியம் இருக்கிறது. சூடு திடீரென்று ஏறினால் அது சிலிக்காவின் மேற்பரப்பை உருகவைத்து, உள்ளே இருக்கும் கரியை மூடி போட்டு அடைத்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் எரித்தாலும் அந்தக் கரி வெளியேறாது. அப்படி வரும் சாம்பல் கறுப்பாகவும் இருக்கும், படிகமாகவும் இருக்கும். இரண்டு குறையும் ஒன்றாக. உமியை எரிப்பதற்கு முன் நீர்த்த அமிலத்தில் அலசிப் பொட்டாசியத்தை நீக்கிவிட்டால் பளிச்சென்ற வெள்ளைச் சாம்பல் கிடைக்கும். ஆய்வகத்தில் அழகாக இருக்கும், கட்டுமானத்துக்குக் கட்டுப்படியாகாது. கட்டுரையில் ‘அமிலத்தில் கழுவிய உமி’ என்று எங்காவது எழுதியிருந்தால், அந்த எண்களை உங்கள் சாம்பலுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

கரி ஏன் கெடுதல்? அது தண்ணீரைக் குடிக்கும். கூடுதல் தண்ணீர் இல்லாமலே கலவையைக் குழையவைக்கும் சூப்பர்பிளாஸ்டிசைசர் போன்ற ரசாயனங்களையும் இழுத்துக்கொள்ளும். பனி உறையும் நாடுகளில் கான்கிரீட்டுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்களை உண்டாக்க ஒரு ரசாயனம் சேர்ப்பார்கள். கரி அதையும் விழுங்கிவிடுவதால் குமிழின் அளவு ஒவ்வொரு கலவைக்கும் மாறும். கரி எவ்வளவு என்று அளப்பது சுலபம். சாம்பலை 105 டிகிரியில் நன்றாக உலர்த்தி எடை போட்டு, சூடு தாங்கும் சிறிய கிண்ணத்தில் (மூசையில்) வைத்து 750 டிகிரி உலையில் எடை மாறாமல் நிற்கும் வரை வைத்து, மறுபடி எடை போட வேண்டும். குறைந்த எடையில் பெரும்பகுதி கரிதான். அமெரிக்கத் தரநிலையான ஏ.எஸ்.டி.எம். சி 618 இதை இயற்கைப் பொஸோலானுக்கு 10 சதவீதம் வரை அனுமதிக்கிறது, நிலக்கரிச் சாம்பலின் எஃப் வகைக்கு 6 சதவீதம். என்னைக் கேட்டால், உமிச் சாம்பலில் 6-ஐத் தாண்டினாலே யோசிக்க வேண்டும்.

அதே தரநிலையில் இன்னொரு விதி: சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு மூன்றும் சேர்ந்து குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும். ‘எங்கள் சாம்பலில் 88 சதவீதம் இருக்கிறது, ஆகவே இது சிறந்த பொஸோலான்’ என்று ஆய்வேடுகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். சுத்தமான மணலும் அந்த விதியில் 95 வாங்கித் தேறிவிடும். வேதிப் பகுப்பாய்வு எத்தனை சிலிக்கா என்று சொல்லும், எந்தச் சிலிக்கா என்று சொல்லாது. அதற்கு எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் சோதனை வேண்டும். வரும் வரைபடத்தில் 22 டிகிரிக் கோணத்தை ஒட்டி அகலமான மேடு ஒன்று தெரிந்தால் படிகமற்ற சிலிக்கா. அதே இடத்தில் ஊசி போல ஒரு முனை நின்றால் கிறிஸ்டோபலைட்.

அந்தக் கருவி கையில் இல்லாதவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தெவிட்டிய சுண்ணாம்பு நீர் 200 மில்லிலிட்டரை 40 டிகிரியில் வைத்து, மின்கடத்துதிறனைக் குறித்துக்கொண்டு, 5 கிராம் சாம்பலைப் போட்டுக் கலக்கி, 2 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. சாம்பல் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டால் கடத்துதிறன் இறங்கும். சென்டிமீட்டருக்கு 1.2 மில்லிசீமென்ஸுக்கு மேல் இறங்கினால் நல்ல சாம்பல், 0.4-ஐக்கூடத் தொடவில்லை என்றால் அது பொஸோலான் இல்லை. 1989-இல் வெளியான முறை இது. ஒரு எச்சரிக்கை மட்டும்: சாம்பலில் கரையும் பொட்டாசிய உப்பு நிறைய இருந்தால், அதுவே கடத்துதிறனை ஏற்றிவிட்டு முடிவைக் குழப்பும். உமியில் இந்தத் தொல்லை குறைவு, வைக்கோல் சாம்பலில் அதிகம்.

இனி அரைப்பது. நான் முதன்முதலில் இந்தச் சாம்பலைக் கையாண்டபோது, பாய்லரிலிருந்து வந்ததைச் சல்லடையில் சலித்துவிட்டு நேராக மிக்சரில் போட்டோம். 15 சதவீதம். சலித்தால் போதும் என்று எங்களுக்குச் சொன்னவர் நல்ல நம்பிக்கையோடுதான் சொன்னார். வழக்கமான தண்ணீர் அளவை ஊற்றி மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தால், கலவை ஈர மண் மாதிரி உதிர்ந்துகொண்டு கிடந்தது. கலவையின் குழைவை அளக்கும் ஸ்லம்ப் கூம்பைத் தூக்கினால் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காமல் கூம்பாகவே நின்றது. அப்போது எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம். ஒரு குவளை, இன்னொரு குவளை என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனோம். கலவை குழைந்தது. 28-ஆம் நாள் கியூபை (சோதனைக்கு வார்த்த கனசதுரக் கட்டியை) உடைத்தபோது சாதாரண கான்கிரீட்டைவிட நன்றாகவே கீழே இருந்தது. சாம்பலால் பலம் குறைகிறது என்று ஒரு அறிக்கை எழுதியிருக்கலாம். உண்மையில் பலத்தைக் குறைத்தது நாங்கள் ஊற்றிய தண்ணீர்தான்.

ஏன் அவ்வளவு தண்ணீர் குடித்தது? எரிந்த உமியின் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் விடை தெரியும். செல்லுலோஸ் எரிந்து போன இடமெல்லாம் ஓட்டை. மீந்திருப்பது சிலிக்காவால் ஆன எலும்புக்கூடு, பஞ்சு போல. நைட்ரஜன் உறிஞ்சல் முறையில் அளந்தால் ஒரு கிராம் சாம்பலின் பரப்பு 50 சதுர மீட்டரைக்கூடத் தாண்டும், அதில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் துளைகளின் சுவர். சிமெண்டுக்குச் சொல்லும் கிலோவுக்கு 300 சதுர மீட்டர் என்ற எண் காற்றைச் செலுத்தி அளக்கும் பிளேன் முறையில் வருவது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘சிமெண்டைவிட இத்தனை மடங்கு நுண்மை’ என்று எழுதுவது தவறு. சாம்பல் துணுக்கு நுண்மையாக இல்லை, ஓட்டையாக இருக்கிறது. சிலிக்கா ஃபியூம் துகள் ஏறத்தாழ 0.1 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள கெட்டியான உருண்டை. அரைக்காத உமிச் சாம்பல் அதைவிடப் பல நூறு மடங்கு பெரிய பஞ்சுத் துண்டு.

ஆகவே அரைப்பதன் வேலை பரப்பைக் கூட்டுவது என்பதைவிட, அந்தப் பஞ்சை உடைப்பது. பால் மில்லில் (உலோகக் குண்டுகள் உருண்டு அரைக்கும் உருளையில்) நேரம் கூடக்கூடத் தண்ணீர்த் தேவை இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். சராசரித் துகள் 10 மைக்ரானுக்கு அருகில் வந்தால் கலவை ஓரளவு பேச்சைக் கேட்கும். அரைத்தது போதுமா என்று பார்க்க, 45 மைக்ரான் சல்லடையில் தண்ணீர் விட்டு அலசிப் பாருங்கள். மேலே சொன்ன அமெரிக்கத் தரநிலை 34 சதவீதம் வரை சல்லடையில் தங்கலாம் என்கிறது. அது மிகவும் தாராளம், உமிச் சாம்பலுக்கு அதில் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடுவது நல்லது. மீதித் தண்ணீர்த் தேவைக்குச் சூப்பர்பிளாஸ்டிசைசர் இருக்கிறது. தண்ணீருக்கும் சிமெண்டும் சாம்பலும் சேர்ந்த எடைக்கும் உள்ள விகிதத்தை மட்டும் மாற்றக் கூடாது. அதை மாற்றிவிட்டு வந்த எந்த ஒப்பீடும் செல்லாது.

இப்போது சதவீதத்துக்கு வருவோம். பெரும்பாலான நல்ல ஆய்வுகள் 10 முதல் 15 சதவீதத்தை நல்ல இடமாகச் சொல்கின்றன. சாம்பல் மிக நன்றாக இருந்தால் 20 வரை போகிறார்கள். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தாளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் கலவையில் 85 கிராம் சிமெண்ட், 15 கிராம் சாம்பல். 85 கிராம் சிமெண்டிலிருந்து வரும் சுண்ணாம்பு ஏறத்தாழ 21 கிராம். 15 கிராம் சாம்பலில் 90 சதவீதம் சிலிக்கா என்றால் 13.5 கிராம். ஒரு கிராம் சிலிக்கா பசையாக மாறச் சுமார் 1.5 கிராம் சுண்ணாம்பு வேண்டும். 13.5-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 20. அதாவது 15 சதவீதத்திலேயே இருக்கிற சுண்ணாம்பு கிட்டத்தட்டத் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் போடுகிற சாம்பலுக்குக் கூட்டாளி இல்லை; வெறும் நிரப்பியாகக் கிடக்கும், கூடவே தண்ணீரையும் குடிக்கும். எல்லாச் சிலிக்காவும் வினைபுரிவதில்லை என்பதால் இது தோராயம்தான். ஆனால் 30 சதவீதம், 40 சதவீதம் என்று ஆசை காட்டும் பேச்சுகளை எடைபோட இந்தத் தோராயம் போதும்.

மாணவர்கள் வழக்கமாகத் தவறவிடும் இன்னொரு கணக்கு கன அளவு. சிமெண்டின் ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற எண்) 3.15, உமிச் சாம்பலுடையது 2.1 அளவில். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டில் 350 கிலோ சிமெண்ட் இருக்கிறது, அதில் 10 சதவீதம் மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எடுத்த 35 கிலோ சிமெண்ட் அடைத்திருந்த இடம் 11 லிட்டர். போட்ட 35 கிலோ சாம்பல் அடைக்கும் இடம் ஏறக்குறைய 16.7 லிட்டர். ஐந்தரை லிட்டருக்கு மேல் கூடுதல். அதற்கு ஈடாக மணலில் 14, 15 கிலோவைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் ஒரு கனமீட்டர் என்று நினைத்தது அதைவிடக் கூடுதலாக வரும், ஒவ்வொரு கனமீட்டருக்கும் உண்மையில் போன சிமெண்ட் நாம் எழுதிவைத்ததைவிடக் குறைவாக இருக்கும். 10 சதவீதத்தில் இது சிறிய பிழை. 25-க்குப் போனால் முடிவையே புரட்டிவிடும்.

சாம்பல் தேறுமா என்று பார்க்க, நேரடியாகக் கான்கிரீட்டுக்குப் போக வேண்டாம், காரையில் (ஜல்லி இல்லாத கலவையில்) தொடங்குங்கள். ஒரு பக்கம் 500 கிராம் சிமெண்ட், 1,375 கிராம் தரமான மணல், 242 மில்லிலிட்டர் தண்ணீர். இன்னொரு பக்கம் 400 கிராம் சிமெண்ட், 100 கிராம் சாம்பல், அதே மணல், முதல் கலவை எவ்வளவு பரவியதோ அதே அளவு பரவும்படி தண்ணீர். இரண்டிலும் 50 மில்லிமீட்டர் கியூப் வார்த்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைக்க வேண்டும். சாம்பல் போட்டது மற்றதில் 75 சதவீதப் பலத்தையாவது காட்டினால் தேர்ச்சி என்கிறது தரநிலை.

இந்த 75-இல் ஒரு பொறி இருக்கிறது. 20 சதவீதச் சிமெண்டை எடுத்துவிட்டு, ஒன்றுமே செய்யாத மணல் மாவைப் போட்டாலும் பலம் பெரும்பாலும் 75-ஐ ஒட்டி வந்து நின்றுவிடும். நுண்ணிய துகள்கள் இடுக்குகளை அடைப்பதும், சிமெண்ட் வினைபுரிய அவை தளமாக அமைவதும் அதற்குப் போதும். எனவே மூன்றாவதாக ஒரு கலவை போடுங்கள்: அதே நுண்மைக்கு அரைத்த மணல் மாவு 100 கிராம். சாம்பல் கலவை இந்த மூன்றாவதைத் தெளிவாகத் தாண்டினால்தான் அங்கே வேதிவினை நடந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு கட்டுப்பாட்டுக் கலவை இல்லாத ஆய்வை நான் பாதி மனதோடுதான் படிப்பேன்.

பலத்தை மட்டும் பார்ப்பதும் சரியில்லை. உமிச் சாம்பலின் உண்மையான லாபம் கான்கிரீட்டின் துளைகள் நுண்மையாகி, உப்பு உள்ளே போவது குறைவதில் இருக்கிறது. 28 நாள் பலம் சமமாகவே இருந்தாலும், குளோரைடு ஊடுருவல் சோதனையில் நல்ல சாம்பல் போட்டது வெகுவாக முந்திக்கொள்ளும். கடலோரக் கட்டுமானத்துக்கு இது பெரிய விஷயம். ‘சுண்ணாம்பைத் தின்றுவிட்டால் காரத்தன்மை போய்க் கம்பி துருப்பிடிக்காதா’ என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். 10, 15 சதவீதத்தில் காரத்தன்மை கம்பியைக் காக்கப் போதுமான அளவில் நிற்கும். ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எதிர்கொள்ளக் கையிருப்பில் இருந்த சுண்ணாம்பு குறைந்துவிட்டது என்பதும் உண்மை. துளைகள் நன்றாக அடைபட்டிருந்தால் அந்த வாயு உள்ளே வரவே திணறும். க்யூரிங் (ஈரம் காயாமல் நீராற்றுவது) அரைகுறையாக இருந்தால் அடைபடாது, அப்போது சாதாரணக் கான்கிரீட்டைவிட வேகமாகக் கெடும். சாம்பல் போட்ட கான்கிரீட்டுக்கு நீராற்றுவதில் சிக்கனம் பார்ப்பவர்கள் சாம்பல் பக்கமே வராமல் இருப்பது நல்லது. இரண்டு வாரமாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டும்.

மற்றச் சாம்பல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரும்புச் சக்கைச் சாம்பல் உமிக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. சிலிக்கா குறைவு, ஆலைக்கு ஆலை மாறும், கரும்போடு வந்த மண்ணிலுள்ள குவார்ட்ஸும் சேர்ந்துகொள்ளும். பாய்லர் சூடு அதிகம் என்பதால் ஒரு பகுதி படிகமாகியிருக்கும். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு. எரியாத நார்கள் உருவத்தில் பெரியவை, அவற்றில்தான் கரி அதிகம். 300 மைக்ரான் சல்லடையில் சலித்து அவற்றை ஒதுக்கிவிட்டு, கீழே இறங்கியதைச் சிமெண்டின் நுண்மைக்கு அரைத்தால் கணிசமாகத் தேறுகிறது, ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். சரியாக எரியாத சக்கையில் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் ஜாக்கிரதை. மிகக் கொஞ்சம் சர்க்கரைகூடச் சிமெண்ட் இறுகுவதைத் தள்ளிப்போட்டுவிடும். மறுநாள் காலையில் அச்சைப் பிரித்தால் கலவை இன்னும் பச்சையாகவே இருக்கும்.

பாமாயில் ஆலைச் சாம்பல் மலேசியாவிலும் தாய்லாந்திலும் நிறையக் கிடைப்பதால் அங்கே அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். அரைத்தால் பயன்படும், அரைக்காமல் போட்டால் இல்லை. மக்காச்சோளக் கட்டைச் சாம்பல் நடுத்தரம். நைஜீரியாவில் அதில் வேலை நடந்திருக்கிறது. நிலக்கடலைத் தோடு, மரக்கட்டை ஆகியவற்றின் சாம்பலை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. சிலிக்கா குறைவு, பொட்டாசியம் அதிகம். அந்தக் காரம் சில வகை ஜல்லியோடு சேர்ந்து உள்ளுக்குள்ளேயே ஊதி, சில வருடம் கழித்துக் கான்கிரீட்டில் வலை வலையாக விரிசல் விடும். வைக்கோல் சாம்பலில் இதோடு குளோரைடும் சேரும். கம்பி போட்ட கான்கிரீட்டில் குளோரைடு எங்கிருந்து வந்தாலும் துருதான். தண்ணீரில் அலசிவிட்டால் பொட்டாசியமும் குளோரைடும் பெருமளவு போய்விடும், ஆனால் அலசிய தண்ணீரை எங்கே விடுவது, ஈரச் சாம்பலை எப்படி உலர்த்துவது என்று இரண்டு புதுக் கேள்விகள் முளைக்கும்.

‘இதனால் சிமெண்டின் மாசு தீர்ந்துவிடும்’ என்ற பேச்சுக்கும் ஒரு கணக்கு. உலகில் ஓர் ஆண்டுக்கு விளையும் நெல் 75 கோடி டன்னுக்கு மேல். அதில் உமி 15 கோடி டன், அத்தனையையும் ஒரு துளி சிந்தாமல் சரியான சூட்டில் எரித்தாலும் சாம்பல் 3 கோடி டன். உலகச் சிமெண்ட் உற்பத்தி 400 கோடி டன்னைச் சுற்றி. ஒரு சதவீதம்கூட இல்லை. அரைத்துச் சிமெண்டாக்கும் சுட்ட கட்டியான கிளிங்கரை ஒரு டன் செய்தால் சுமார் 0.85 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, அதில் பாதிக்கும் மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. ஆகவே மிச்சமாகும் ஒவ்வொரு டன்னும் மதிப்புள்ளதுதான். ஆனால் அரைக்காத சாம்பல் லாரியில் ஏற்றினால் பாதி காற்று. தூரம் கொண்டுபோனால் லாபம் டீசலில் போய்விடும். ஆலைக்குப் பக்கத்திலேயே அரைத்து, பக்கத்திலேயே பயன்படுத்த முடிந்தால் மட்டும் கணக்கு நிற்கும்.

எங்கே போடலாம் என்றால், நடைபாதைக் கற்கள், கம்பியில்லாத பிளாக்குகள், தரைத்தளம் போன்றவற்றில் தொடங்கலாம். தூண், உத்தரம், கூரைத்தளம் போன்றவற்றில், பொறுப்பேற்கும் பொறியாளர் ஒவ்வொரு லோடு சாம்பலுக்கும் சோதனை முடிவைப் பார்த்துக் கையெழுத்திட்டால்தான். இந்தியாவின் ஐ.எஸ். 456 தரநிலை 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே உமிச் சாம்பலைப் பெயர் சொல்லி அனுமதித்திருக்கிறது, அதுவும் தேவையான செயல்திறனும் சீரான தன்மையும் இருந்தால், உரிய அதிகாரியின் ஒப்புதலோடு. அந்தச் ‘சீரான தன்மை’தான் பாய்லர் சாம்பலுக்குப் பெரிய சோதனை.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: தூசி. அதிகச் சூட்டில் வெந்த சாம்பலில் இருக்கும் கிறிஸ்டோபலைட், நுரையீரலுக்குள் போகும் அளவு நுண்தூசியாகப் பறந்தால் சிலிகோசிஸ் என்ற நோய் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை குவார்ட்ஸ், கிறிஸ்டோபலைட் தூசியை 1997-இலேயே மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பால் மில்லின் மூடியைத் திறக்கிற நேரம்தான் மிக மோசம். ஓடி நின்றதும் உடனே திறக்காமல் தூசி படியும் வரை காத்திருங்கள். கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது போதாது, நுண்தூசியை வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். சிந்திய சாம்பலைத் துடைப்பத்தால் பெருக்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அள்ளுங்கள்.